பொட்டு வைக்காத டிராயர்

அருள்செல்விக்குத் தலைக்கனம் என்று எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பேர் அவள் காதில் விழாமல் சொல்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கோவில்பதாகையிலிருந்து ஆவடி ஸ்டேஷன் வரை சைக்கிள், அங்கிருந்து பட்டரவாக்கம் வரை ரயில், பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் நடை. இத்தனை தூரம் வியர்த்து வந்தாலும், அவள் அப்பா கட்டி வைத்த கட்டடம் மாதிரிதான் காலை எட்டரைக்கு லேபுக்குள் நுழைவாள். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. தற்காலிக ஊழியர். அந்த 'தற்காலிக' என்ற சொல்லை மட்டும் அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் குணசேகரன். அதே லேபில் சாம்பிள்களைச் சோதித்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பாட்டிலில் எடுத்து வைப்பது என் வேலை. இதில் தப்பு செய்தவன் நான்தான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1987இல் எங்கள் கம்பெனி ஓர் ஆண்டிபயாட்டிக் உப்பைச் செய்ய இறங்கியது. மருந்து என்னவோ நல்ல மருந்து. ஆனால் மாவு மாதிரி வந்தது. நம் ஊர்க் காற்றில் அரை நாள் இருந்தால் ஈரத்தைக் குடித்து, மஞ்சளாகி, கட்டி தட்டிவிடும். அதை வைத்து மாத்திரை போட முடியாது. அதே உப்பு ஒழுங்கான படிகமாக அமைந்துவிட்டால் ஈரம் அண்டாது, வருடக்கணக்கில் கெடாது. அந்தப் படிகத்தைக் கொண்டுவரும் வேலையை முதலாளி கஜபதி அருள்செல்வியிடம் கொடுத்தார். வந்தால் வேலை நிரந்தரம் என்றார்.

இரண்டு வருடம் ஆனது. அசிட்டோனில் கரைத்தாள், ஆல்கஹாலில் கரைத்தாள், வேகமாகக் குளிர வைத்தாள், மெதுவாகக் குளிர வைத்தாள். எல்லாவற்றையும் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதினாள். ஒன்றும் நடக்காத நாளில் 'வரல' என்று எழுதுவாள்.

"வராததை எல்லாம் எதுக்கும்மா எழுதுற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாளைக்கு வந்தப்புறம், சும்மா வந்துடுச்சுன்னு யாரும் சொல்லக் கூடாதுல்ல சார்" என்றாள்.

89ஆம் வருடம் புனித வெள்ளிக்கு லேபை மூடினோம். ஒரு ஃபிளாஸ்க்கை அப்படியே விட்டுப் போயிருந்தாள். திங்கட்கிழமை வந்து பார்த்தால் அடியில் சர்க்கரை போலப் பளபளவென்று படிகம். அதன் பிறகு செய்தபோதெல்லாம் வந்தது. வந்ததை எல்லாம் பம்பாயில் மாத்திரை போடும் கம்பெனிக்கு அனுப்பினோம். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அக்டோபர் கடைசியில் வருகிறோம், எங்கள் கண் முன்னால் செய்து காட்டுங்கள் என்று எழுதினார்கள்.

அதற்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆயுத பூஜை என்றால் சும்மாவா? கிளீனிங் பார்க்கும் அப்பாவு மூன்று நாள் லேபைப் போட்டுத் தேய்த்தார். ஃபிளாஸ்க்கெல்லாம் ஆசிட் ஊற்றிக் கழுவினார். ஃபேன் இறக்கையைக்கூட விடவில்லை. எனக்கும் அந்த உற்சாகம் தொற்றிக்கொண்டது. சரக்குதான் பம்பாய் போய்விட்டதே என்று சாம்பிள் பாட்டில்களைக் காலி செய்து, கழுவிக் கவிழ்த்தேன். பிறகு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். தராசுக்குப் பொட்டு, என் டிராயருக்குப் பொட்டு. அருள்செல்வியின் டிராயருக்கு மட்டும் இல்லை. அவள் அதைப் பார்த்தாள், முகம் சுருங்கியது. பொரிகடலையை வாங்கிக்கொண்டு போனாள்.

பூஜை முடிந்து முதல் தடவை செய்தாள். மாவு. இரண்டாம் தடவையும் மாவு. பத்து நாள் மாவுதான் வந்தது. நோட்டில் மறுபடி 'வரல', 'வரல'.

கஜபதி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "நோட்ல இருக்கிறபடிதானே செய்யற? அப்ப ஏன் வரல? ஏதோ ஒண்ணை எழுதாம மறைச்சு வெச்சிருக்க. வேலை பர்மனென்ட் ஆகட்டும்னு பாக்கறியா?"

"எழுதாதது எதுவும் இல்ல சார்." அவள் குரல் தாழ்ந்து அன்றுதான் கேட்டேன்.

"திங்கக்கிழமை பம்பாய்க்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள வரலைன்னா நோட்டை வெச்சிட்டுப் போயிடு."

நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். இவள் மறைக்கிறவள் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்றும் அதற்கு வெட்கப்படுகிறேன்.

லேபுக்கு வந்ததும் நோட்டைப் புரட்டினாள். "பூஜைக்கு முன்னாடி வந்துச்சு, அப்புறம் வரல. நடுவுல என்ன சார் செஞ்சோம்?"

"கழுவினோம்" என்றேன்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "உறை மோர்! பாலைக் காய்ச்சி வெச்சா மட்டும் தயிராகிடுமா? பழைய படிகம் கண்ணுக்குத் தெரியாம ஃபிளாஸ்க்ல ஒட்டிக்கினு இருந்திருக்கு. அதுதான் உறை. மொத்தத்தையும் தேய்ச்சுட்டோம். சாம்பிள் பாட்டிலை எடுங்க, ஒரு துளி போதும்."

கவிழ்த்து வைத்த பாட்டில்களைக் காட்டினேன்.

"நல்லா கழுவினீங்களா?"

"நல்லா."

"ஒரு வேலையும் முழுசா செய்ய மாட்டீங்க. இதை மட்டும் முழுசா செஞ்சீங்களா சார்?"

பம்பாய்க்கு அனுப்பிய படிகத்தில் கொஞ்சம் திருப்பிக் கேட்டால், தபாலில் வர ஒரு வாரம் ஆகும். அவள் அப்பாவுவிடம் திரும்பினாள். "அண்ணே, எதையாவது தேய்க்காம உட்டீங்களா?"

அப்பாவு தலையைச் சொறிந்தார். "உன் டிராயர்ல மட்டும் நான் கை வெக்கலம்மா. நீ மாதா கோயிலுக்குப் போற பொண்ணு. பொட்டு வெச்சா இன்னா நெனச்சுக்குவியோன்னு அப்டியே உட்டுட்டேன்."

டிராயரைத் திறந்தாள். உள்ளே, பூஜைக்கு முன்னால் அவள் கலக்கிவிட்டுப் போட்டு வைத்த பழைய கண்ணாடிக் குச்சி. பூஜைக்குப் பிறகு கலக்கியதெல்லாம் அப்பாவு கழுவி வைத்த குச்சிகளால்தான். நுனியில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது.

வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே போட்டுப் பார்த்திருப்பாள். இவள் கரைசலைக் குளிர வைத்துவிட்டுக் கஜபதியைக் கூட்டிவந்தாள். குச்சியை அவர் கையில் கொடுத்து, "ஃபிளாஸ்க் உள்பக்கம் லேசா உரசுங்க சார்" என்றாள். உரசினார். கால் மணி நேரம் போயிற்று. பிறகு கண்ணாடியின் ஓரத்தில் ஒரு மினுக்கல் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அடி முழுக்கப் படிகம்.

"சாம்பிளைக் கழுவினவன் நான்தான் சார்" என்றேன், அப்போதாவது.

"சரி, வந்துடுச்சுல்ல, உடுங்க" என்று கஜபதி கிளம்பினார்.

அருள்செல்வி நகரவில்லை. நீல நோட்டைத் திறந்து பேனாவை நீட்டினாள். "மறைச்சேன்னு சொன்னீங்களே, அந்த ஒண்ணு இதுதான். எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். நீங்களே எழுதுங்க சார்."

கஜபதி என்னைப் பார்த்தார், அப்பாவுவைப் பார்த்தார். குனிந்து, 'பழைய படிகம் ஒரு துகள் சேர்க்க வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

திங்கட்கிழமை பம்பாய்க்காரர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த மாதமே வேலை நிரந்தரமானது. தொண்ணூற்றாறில் அந்த லேபுக்கே அவள்தான் தலைமை, நான் அவளுக்குக் கீழே.

அதற்கெல்லாம் முன்னால், தொண்ணூறாம் வருட ஆயுத பூஜைக்கு அப்பாவு சந்தனக் கிண்ணத்தோடு அவள் மேஜையைத் தாண்டிப் போகப் பார்த்தார்.

"அண்ணே, இன்னா கண்டுக்காம போறீங்க?" என்றாள். "என் டிராயருக்கும் பொட்டு வைங்க. தொறக்காம வைங்க."