ஒரு துண்டுத் துடுப்பு கிடைக்குமா?

மீன், தவளை, ஆமை என்று எது கிடைத்தாலும் அதில் ஒரு துணுக்கை நறுக்கி, டி.என்.ஏ.வைப் படித்து, யாருக்கு யார் என்ன உறவு என்று கண்டுபிடிப்பது என் தொழில். அடையாறில் ஒரு சின்ன ஆய்வகம். கல்யாண வீட்டில் "என்ன வேலை பார்க்கறே?" என்று கேட்டவருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பந்தியே முடிந்துபோன அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், நீங்கள் என் கட்சி.

இரண்டு கூடை

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் கஸ்தூரி அக்கா, கெழங்கா மீனை இரண்டு கூடையாகப் பிரித்து வைத்திருந்தார். பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. எங்கள் புத்தகத்திலும் ஒரே இனம்தான்.

"ரெண்டும் ஒண்ணுதானே அக்கா?"

"இன்னா பேசுற நீ? இது வேற, அது வேற. இது கொழம்புல கரையாது."

வாதாடாமல் இரண்டு கூடை மீன்களின் துடுப்பிலும் ஒரு துண்டு நறுக்கிக்கொண்டு வந்தேன். எட்டு மாதம் கழித்து முடிவு வந்தது: இரண்டு தனித்தனி இனங்கள், பிரிந்து பல லட்சம் வருஷம் ஆகியிருக்கும். ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சொன்னேன். அக்கா செதில் சீவுவதை நிறுத்தவே இல்லை.

"இத்த தெரிஞ்சிக்கவா அம்மாம் நாளு மிஷின் ஓட்டிக்கினு இருந்த? கொழம்பு வச்சிப் பாத்திருக்கலாமே!"

ஆற்றில் கோழி

மீனைப் பிடிக்காமலே கண்டுபிடிக்கலாம். அது உதிர்த்த செதிலும் சளியும் தண்ணீரில் கலந்திருக்கும். தண்ணீரை வடிகட்டி, சிக்கியதில் டி.என்.ஏ.வைப் படித்தால் போதும். அடையாறு முகத்துவாரத்தில் முழங்கால் சேற்றில் நின்று நாலு மாதம் தண்ணீர் எடுத்தோம். ஆற்றில் யார் யார் என்று பட்டியல் வந்தது. முதலிடத்தில் கோழி. சாக்கடை வழியாக வந்திருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த சுத்தமான தண்ணீர்க் குப்பியிலும் கோழி வந்ததும் குட்டு உடைந்தது. வடிகட்டிய அன்று மதியம் கோழி பிரியாணி சாப்பிட்டுவிட்டு, அவசரத்தில் கையுறை போடாமல் குப்பிகளைத் திறந்தவள் நான்தான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். கூட வேலை பார்க்கும் ஷாஹிதா கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"கோழி ஆத்துல நீந்தல மேடம், உங்க விரல்லதான் நீந்தியிருக்கு."

அண்ணாச்சியின் ஃப்ரீசர்

மழையில் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. ஜெனரேட்டரும் மக்கர் பண்ணியது. ஆய்வக ஃப்ரீசரில் ஏழு வருஷமாகச் சேர்த்த துணுக்குகள். அதில் ஒரு தவளையைப் பிடித்த குளமே இப்போது இல்லை. மேலே அபார்ட்மென்ட் நிற்கிறது. பெட்டிகளை ஆட்டோவில் அடுக்கிக்கொண்டு, தி.நகரில் நான் வழக்கமாகச் சாப்பிடும் ஐஸ்கிரீம் கடைக்கு ஓடினேன். போகும்போதே அழுகை.

தவளை, குளம் என்று நான் தேம்பியதைக் கடைக்கார முருகேசன் அண்ணாச்சி முழுக்கக்கூடக் கேட்கவில்லை. ஒரு ஃப்ரீசரைக் காலி செய்யச் சொன்னார். அடுத்ததில் கொள்ளாத ஐஸ்கிரீமைக் கடையில் நின்றவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டார். "என்னால உங்களுக்கு எவ்வளவு சிரமம்" என்று முனகினேன்.

"ஐஸ்கிரீம் நாளைக்கும் போட்டுக்கிடலாம்மா. அந்தத் தவளையத் திரும்பப் பிடிக்க முடியாதுல்லா?"

பங்குனி ஆமை

கரையில் செத்துக் கிடந்த, பங்குனி வாக்கில் முட்டையிட வரும் கடலாமை ஒன்றிடமிருந்து ஒரு துணுக்குத் தோல் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வலைக்காரர் தாஸ் உட்கார்ந்திருந்தார். அவர் வலையில்தான் சிக்கியது; புது வலையை அறுத்து விடுவித்திருக்கிறார், அதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. என் நம்பரை வாங்கிக்கொண்டார். "அது எந்த ஊருன்னு தெரிஞ்சிதா மேடம்?" என்று வாரம் தவறாமல் போன் செய்தார்.

ஒருநாள் சொல்ல முடிந்தது: "நம்ம கரையோரமா முட்டை வைக்கிற கூட்டத்தோட வம்சம்தான் அண்ணே."

போனில் அலைச் சத்தத்துக்கு நடுவே தாஸ் சொன்னார்:

"அப்போ அது பொறந்த ஊட்டுக்குத்தாம்மா வந்துகினு இருந்திருக்கு."

ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசியில் 'முடிவுரை' என்று ஒரு பகுதி நாங்கள்தான் எழுத வேண்டும் என்பது விதி, ஆனால் இந்த ஊரில் அதை எப்போதும் யாராவது எனக்கு முன்னால் சொல்லிவிடுகிறார்கள்.