உண்ணிக்குக் கை நீட்டியவர்

கல்கத்தாவில், அலிப்பூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் எழுபதுகளில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். அங்கே தமிழ் பேச எனக்கு இருந்தவர் ஒரு விஞ்ஞானி மட்டும்தான். மாடுகளுக்கும் காட்டுக் குரங்குகளுக்கும், சில சமயம் மனிதர்களுக்கும் உண்ணி கடித்து வரும் காய்ச்சலை ஆராய்ந்தவர். ஒல்லியான உடம்பு, காதோரம் நரை. அறையைவிட்டுப் போகும் எவரையும் வாசலில் நிறுத்தி, துணியை உதறச் சொல்வார்.

ஒரு மதியம் அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் முழங்கை பட்டு ஒரு கண்ணாடிக் குப்பி விழுந்து உடைந்தது. நோய்கண்ட குரங்கிடமிருந்து எடுத்த உண்ணிகள் அதில் இருந்தன. அவர் உடனே கதவைத் தாழிட்டார்.

"ஸ்டூல் மேல ஏறி நில்லும்மா. காலைக் கீழ வைக்காதே."

இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடித்தார். ஒன்று மட்டும் அகப்படவில்லை.

"கதவைத் திறங்க சார், நான் போயிடறேன். வீட்ல கைக்குழந்தை இருக்கு."

"அதனாலதான் திறக்கல. அது உன் புடவையில ஏறியிருந்தா?"

சட்டைக் கையை மடித்துவிட்டுத் தரையில் குப்புறப் படுத்தார். உடம்புச் சூட்டுக்கும் மூச்சுக்கும் அது தானே தேடி வரும் என்றார். வெகுநேரம் கழித்து அலமாரிக்கு அடியிலிருந்து அது ஊர்ந்து வந்து அவர் கையில் ஏறியது. இடுக்கி ஒருமுறை நழுவியது. அதற்குள் கடித்துவிட்டது. அதைப் பிடித்து வேறு குப்பியில் அடைத்த பிறகுதான் கதவைத் திறந்தார்.

பல நாட்கள், காலையில் வந்ததும் அவர் கண்கள் சிவந்திருக்கின்றனவா என்றுதான் பார்த்தேன். காய்ச்சல் வரவில்லை.

"வந்திருந்தா என்ன சார் பண்ணியிருப்பீங்க?"

"காய்ச்சல் எப்படிப் போகுதுன்னு மொத நாள்லேர்ந்து எழுதி வச்சிருப்பேன்."

அவர் சிரிக்கவில்லை. அது துணிச்சலா, ஆராய்ச்சிப் பித்தா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் அந்த உண்ணி பிடிபட்ட அன்று, வீட்டுக்குப் போய்ப் பயமில்லாமல் என் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன்.