ஜன்னலோரத்து ஹீட் பம்ப்

முனவர் பேகத்தின் வீட்டில் சுவர் உடைக்க ஆள் வந்தபோது, பின்னறையில் அவள் மகள் ஜைபா பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். எந்த வீட்டிலாவது இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்வார்களா என்று அக்கம்பக்கத்தில் கேட்கத்தான் செய்தார்கள். முனவரும் அதையேதான் தன் மகன் உமைரிடம் கேட்டாள், காலையிலும் கேட்டாள், மாலையிலும் கேட்டாள். மெஷினுக்கு மழைக்காலத்துக்கு முன்பே சொல்லி வைத்தாயிற்று, அது தாமதமாக வந்தது, பிள்ளை முந்திக்கொண்டது, இதில் என் தப்பு எங்கே என்பான் அவன். மெஷினைத் திட்ட முடியாது, பச்சைப் பிள்ளையையும் திட்ட முடியாது. ஆகவே திட்டெல்லாம் உமைருக்கே போய்ச் சேர்ந்தது.

மூக்கண்டப்பள்ளியில் அவர்களுடையது சொந்த வீடு. கீழே இவர்கள், மேலே இரண்டு போர்ஷன் வாடகைக்கு. குடியிருப்பவர்கள் எல்லாம் கம்பெனிக்காரர்கள், ஷிப்ட் ஆட்கள். ஒருவர் குளித்துவிட்டுக் கிளம்பும்போது இன்னொருவர் வேலை முடிந்து குளிக்க வந்து நிற்பார். ஓசூர் மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொள்ளச் சொன்னால் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவார்கள். மொட்டை மாடியில் இருந்த சோலார் ஹீட்டர், போர்வெல் தண்ணீரின் உப்பு அடைத்துப் படுத்துவிட்டது. உமைர் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்ப்பவன். அங்கே கேன்டீனுக்கு வெந்நீர் போடும் ஹீட் பம்ப்பைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டுக்கும் அதுதான் என்று ஒற்றைக்காலில் நின்றான். காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீரில் விடுகிற மெஷின் என்று அம்மாவுக்கு விளக்கினான். முனவர் சூடு என்ற வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அவனிடமே விட்டுவிட்டாள்.

சூடு என்றால் அவளுக்கு அப்படியொரு பிடிப்பு. அதற்குக் காரணமும் உண்டு. கெலமங்கலத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், அவளும் கணவர் கௌஸ் மொய்தீனும் தகரக் கூரை போட்ட ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். அவர் அப்போது தார்ப்பாயும் கயிறும் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய் விற்றுக்கொண்டிருந்தார். அந்த வீட்டில்தான் முதல் பிள்ளை பிறந்தான். மார்கழி மாதம். கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு இடைவெளி, அதன் வழியாக விடிய விடியக் காற்று. ஏழாம் நாள் பெயர் வைக்கலாம் என்று இருந்தார்கள். பிள்ளை அதுவரை இருக்கவில்லை.

காற்றுதான் கொண்டுபோய்விட்டது என்பதில் முனவருக்குச் சந்தேகமே கிடையாது. அன்றிலிருந்து அவள் காற்றோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். உமைரையும் ஜைபாவையும் ஸ்வெட்டருக்குள்ளேயே வளர்த்தாள். சொந்த வீடு கட்டும்போது கொத்தனார் வென்டிலேட்டர் வைக்க, இவள் அட்டை வைத்து அடைத்தாள். அவள் சண்டைக்காரியெல்லாம் இல்லை. மாடியில் யாருக்காவது காய்ச்சல் என்றால் ரசம் இவள் வீட்டிலிருந்துதான் போகும். காற்று என்று வந்துவிட்டால் மட்டும் யார் சொல்லும் செல்லாது.

ஜைபாவைப் பின்னறையில் படுக்க வைத்ததும் அதனால்தான். வீட்டிலேயே காற்று வராத அறை அது. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தபடி ஒரு சந்தில் இருந்தது. ஜன்னலைச் சாத்தி, கதவைச் சாத்தி, ஜைபா காதில் பஞ்சு வைத்து, தலையில் துண்டு கட்டி, காலையும் மாலையும் சாம்பிராணி போட்டு, பூண்டும் மிளகுமாகச் சமைத்துப் போட்டாள். பிள்ளை சிறிது, பெண் பிள்ளை, நாள் நிறைவதற்குள் பிறந்தது. துணிக்குள் அதன் மூக்கு மட்டும் வெளியே தெரியும். நாற்பது நாள் கழிந்ததும் மருமகன் சல்மான் கிருஷ்ணகிரியிலிருந்து வந்து அழைத்துப் போவான். அதுவரை இந்த இரண்டு உயிரையும் ஒரு தும்மல்கூட இல்லாமல் காப்பாற்றிக் கொடுத்துவிட வேண்டும். முனவருக்கு வேறு எண்ணமே இல்லை.

ஜைபா வாயைத் திறப்பதில்லை. சிறுவயதில் வாயாடி என்று பெயர் எடுத்தவள். இப்போது சாப்பிட்டாயா என்றால் தலையை ஆட்டுவாள். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு உடனே கீழே கிடத்திவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். உடம்பு அசதி என்று முனவர் வெளியில் சொல்லிக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பயம் வந்தால் அவளுக்குத் தெரிந்த வைத்தியம் இன்னொரு போர்வை.

இந்த நேரத்தில்தான் டிரில்லிங் மெஷினோடு ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஃபிட்டர் ராஜேஷ்குமார், சுவர் உடைக்கக் கரியப்பன். பாத்ரூம் டைல்ஸ் பெயர்ந்தது. சமையலறைச் சுவரில் ஓட்டை விழுந்தது. சோற்றில் சிமென்ட் தூசி, பாலில் சிமென்ட் தூசி, துவைத்துக் காயப்போட்ட தொட்டில் துணியிலும் சிமென்ட் தூசி. அடுப்பை ஹாலுக்கு மாற்றினாள். மறுநாள் அங்கே பைப் வரும் என்றார்கள், திரும்பவும் தூக்கினாள். பைப் மாட்டத் தண்ணீரை நிறுத்தினால் மேலேயிருந்து ஆட்கள் இறங்கி வந்து வாசலில் நின்றார்கள். டிரில் ஓடும்போதெல்லாம் பிள்ளை வீறிட்டது, பிள்ளை ஓய்ந்தால் டிரில் ஓடியது. முனவர் கரியப்பனைக் கன்னடத்தில் திட்டினாள், ராஜேஷ்குமாரைத் தமிழில் திட்டினாள், இருவருக்கும் நேரம் தவறாமல் டீ போட்டுக் கொடுத்தாள்.

மெஷின் பெட்டியைப் பிரித்த அன்று உமைர் காலை ஷிப்ட். கம்பெனி லைனுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், அவனைக் கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. மாடியில் பழைய சோலார் டேங்குக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஃபேன் வைத்த அந்தப் பெரிய பெட்டியை ராஜேஷ்குமார் படியில் ஏற்றப் போனபோது முனவர் குறுக்கே வந்து நின்றாள்.

"எங்க கொண்டு போறீங்க?"

"மாடிக்குங்கம்மா. சார் அங்கதான் சொன்னாரு."

"வேணாம். சந்துல வைங்க. அந்தப் பின் ரூம் ஜன்னலுக்கு நேரா."

"சந்துலயா? அம்மா, இந்த மெஷின் பாத்தீங்கன்னா..."

"எல்லாம் எனக்குத் தெரியும். சூடு பண்ற மெஷின்தானே? அது விடுற அனல் மாடியில யாருக்கு? உள்ள பச்சப்புள்ள கெடக்குது. ஜன்னலத் தொறந்து வச்சா ரூமு கதகதன்னு இருக்கும்."

"அதில்லைங்கம்மா, அது விடுறது..."

"நான் சொல்ற எடத்துல வைங்க தம்பி. வீட்டுக்காரி நான்தானே."

ராஜேஷ்குமார் கரியப்பனைப் பார்த்தான். கரியப்பன் டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டான். இந்தம்மாவிடம் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது என்பது இருவருக்கும் முதல் நாளே புரிந்துபோயிருந்தது. டேங்க் மாடியில், மெஷின் கீழே என்று ஆனதால் நடுவே பைப் இழுக்க இன்னும் இரண்டு இடத்தில் சுவரை உடைத்தார்கள். வேலை மேலும் இழுத்தது. முனவர் அதையும் பொறுத்துக்கொண்டாள்.

ஒருவழியாக மெஷினை ஓடவிட்டார்கள். முனவர் பின்னறைக்குள் போய், பிள்ளை பிறந்ததிலிருந்து திறக்காத ஜன்னலைத் தன் கையாலேயே அகலத் திறந்தாள். அனல் வரும் என்று காத்து நின்ற முகத்தில், ஐஸ் பெட்டியைத் திறந்ததுபோல ஜில்லென்று காற்று வந்து அடித்தது.

ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு படாரென்று ஜன்னலைச் சாத்திவிட்டுச் சந்துக்கு ஓடினாள்.

"என்னா தம்பி இது? பச்சக் காத்து அடிக்குது. ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்லீங்கம்மா. இது அப்படித்தான். காத்துல இருக்குற சூட்ட இது எடுத்துக்கும். மிச்சம் வர்றது ஜில்லுன்னுதான் வரும். அன்னிக்கு அதத்தான் சொல்ல வந்தேன்."

முனவர் மெஷினை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே திரும்பினாள். அவள் திட்டாமல் போனதில் ராஜேஷ்குமாருக்கே சங்கடமாகிவிட்டது.

ஷிப்ட் முடிந்து வந்த உமைர் சந்தில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டான். மாற்றிவிடலாம், ஆனால் அந்த ஆட்கள் அடுத்த வாரம்தான் வருவார்கள், திரும்பவும் சுவரை உடைக்க வேண்டும் என்றான். அடுத்த வாரம் வரைக்கும் அந்தக் காற்று என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியாது, முனவருக்குத் தெரியும். ஜன்னல் இடுக்குகளில் துணியைத் திணித்தாள். அதன் மேல் ஒரு ரஜாய்ப் போர்வையை ஆணியடித்துத் தொங்கவிட்டாள். அப்படியும் மெஷினின் உறுமல் உள்ளே கேட்டது. உறுமல் கேட்டால் காற்று நுழைகிறது என்றே அவள் மனம் சொன்னது. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், கொல்லைப்பக்கம் போவாள், பாதியில் திரும்பி வந்து பாதத்தைத் தொட்டுப் பார்ப்பாள். கடைசியில் உமைர் வேலைக்குப் போனதும் மெயின் போர்டில் மெஷினுக்கான சுவிட்சைக் கீழே தள்ளிவிடும் வேலையை ஆரம்பித்தாள். அவன் வருவதற்குள் திரும்பப் போட்டுவிடுவாள்.

அதற்கும் ஆபத்து வந்தது. மாடியில் இருக்கும் தமிழ்செல்வி மோட்டார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இருப்பவள். வேலை முடிந்து வந்து, தலைக்கு ஷாம்பு போட்டபின் குழாயைத் திறந்திருக்கிறாள். தலையில் துண்டோடும் நுரையோடும் படியில் பாதி இறங்கி நின்றாள். திண்டுக்கல் பக்கத்துப் பெண், குளிர் அவளுக்கு ஆகவே ஆகாது.

"அக்கா, புது மெஷின்னு சொன்னீங்க. தண்ணி பச்சையா வருதேக்கா. ஒடம்பெல்லாம் வெறச்சுப்போச்சு."

அவள் உதடு நடுங்குவதைப் பார்த்ததும் முனவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. யாரோ பெற்ற பிள்ளையைக் குளிரில் நிறுத்திவிட்டோமே என்று இருந்தது. "செத்த இரு கண்ணு" என்று சொல்லி, போய்ச் சுவிட்சைப் போட்டாள். தண்ணீர் சுடும் வரைக்கும் ஆகட்டும் என்று அடுப்பில் இருந்த வெந்நீரை வாளியில் ஊற்றி மேலே தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுத்துவிட்டு இறங்கும்போதே மெஷினின் உறுமல் கேட்டது. கால்கள் தானாகவே பின்னறைக்கு விரைந்தன.

கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். ரஜாய் தரையில் கிடந்தது. ஜன்னல் விரியத் திறந்திருந்தது. ஜைபா அதன் எதிரே நின்றுகொண்டிருந்தாள், தலையில் துண்டு இல்லை, காதில் பஞ்சு இல்லை. கண்ணை மூடி முகத்தைக் காற்றுக்குக் கொடுத்திருந்தாள். பிள்ளை தூரத்து மூலையில், கட்டிலுக்கு அந்தப் பக்கம், துணிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

முனவர் ஜன்னலைச் சாத்தப் பாய்ந்தாள்.

"மூடாதீங்கம்மா."

"பைத்தியமாடி உனக்கு? பச்ச ஒடம்பு."

"மூடாதீங்க. எனக்கு மூச்சு முட்டுது." ஜைபா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "புள்ள பொறந்ததுலருந்து முட்டுது. வெளிய இடிக்கிற சத்தம், உள்ள பொக. ராத்திரியெல்லாம் செவுத்தப் பாத்துட்டுக் கெடக்கறேன். இந்தப் புள்ளயத் தூக்கவே பயமா இருக்குது. என் புள்ள மாதிரியே தெரியலம்மா. உங்ககிட்ட சொன்னா இன்னொரு போர்வ கொண்டாந்து போடுவீங்க."

முனவர் கையில் ஏற்கெனவே ஒரு போர்வை இருந்தது. வரும்போது ஹாலில் இருந்து எடுத்து வந்திருக்கிறாள், அவளுக்கே தெரியாமல்.

"அன்னிக்கு மெஷினப் போட்டதும் நீங்க ஜன்னலத் தொறந்தீங்களே, அப்பதான் மூச்சு வந்துச்சு. இடுக்குல வந்த காத்துல அன்னிக்குத்தான் தூங்குனேன். அப்புறம் அடைச்சுட்டீங்க. மெஷினயும் நிறுத்திட்டீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

"உங்க அண்ணன் காத்துலதான்டி போனான்."

சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு அது.

"அண்ணன் காத்துல போகலம்மா" என்றாள் ஜைபா மெதுவாக. "இருதயத்துல ஓட்டன்னு டாக்டர் சொன்னாராம். அத்தா என்கிட்ட சொல்லிருக்காரு. நீங்கதான் காதுல வாங்கலயாம்."

முனவர் போர்வையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். மாடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"வாங்குனேன்" என்றாள். "அன்னிக்கே வாங்குனேன் ஜைபா. காத்துன்னா அடைச்சிருக்கலாம். கூரையில துணியத் திணிச்சு அடைச்சிருக்கலாம். ஓட்டைய நான் என்னான்னு அடைப்பேன்?"

ஜைபாவுக்கு அழுகை வந்தது. பிள்ளை பெற்றதிலிருந்து அவள் அழவே இல்லை என்பது முனவருக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் அழாமல் இருந்ததைத் தைரியம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். நாளைக்கு இவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போய் இதையெல்லாம் சொல்ல வைக்க வேண்டும் என்று முடிவு செய்தாள்.

மகளின் கன்னத்தைத் துடைத்தாள். பிறகு போய்ப் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது. கையிலிருந்த போர்வையைப் போர்த்தப் போனவள், போர்த்தாமல் கட்டிலில் வைத்தாள். ஜன்னலைச் சாத்தவில்லை. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே வந்து, முந்தானையை இழுத்துத் தோளில் விரித்துக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். மெஷின் விட்ட குளிர் முழுக்க அவள் முதுகில் விழுந்தது. பல் கிட்டித்துக்கொண்டு வந்தது. அப்படியும் அசையவில்லை.

"அம்மா" என்றாள் ஜைபா, அழுகைக்கு நடுவே. "எனக்கு வர்ற காத்தையும் சேத்து மறைக்கறீங்க."

முனவர் பிள்ளையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு ஓர் அடி தள்ளி நின்றாள்.