சனிக்கிழமை மாணவர், திங்கட்கிழமை வாத்தியார்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் மலாயாவில் தோட்டத்துப் பள்ளிக்கு வாத்தியாராக ஒரே தகுதி போதும்: வேறு யாரும் கிடைத்திருக்கக் கூடாது. சுண்ணாம்புத் தூளைத் தின்றே இருமல் சம்பாதித்த சக வாத்திமாரே, உங்களுக்கு இது புரியும்.

நேர்முகத் தேர்வு

கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். பழைய வாத்தியார் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி என்னை வெள்ளைக்காரத் துரை முன்னால் நிறுத்தி, பேதி மருந்துப் புட்டியில் ஒட்டியிருந்த தமிழ்ச் சீட்டை வாசிக்கச் சொன்னார். தடங்கலின்றி வாசித்தேன். தமிழ் தெரியாத துரை தலையாட்டினார். "பாடம் நடத்தத் தெரியாதுங்களே," என்றேன்.

கிராணி சொன்னார்: "பழைய வாத்தியாருக்கும் தெரியாதுலா. பதினோரு வருஷம் ஓட்டலையா?"

ஈப்போவில் பயிற்சி

சர்டிபிகேட் இல்லாதவருக்கு வேலை நிலைக்காது என்று உத்தரவு வந்தது. சனிக்கிழமைதோறும் ஈப்போவில் பயிற்சி வகுப்பு. கரும்பலகையை மூன்றாகப் பிரித்து எழுதும் முறையை ஓர் ஐயா விளக்குவார். மீசைக்காரர்கள் நாங்கள் முறைவைத்துக் குழந்தைகளாக நடிப்போம். ஜெலாப்பாங் பக்கத்துத் தோட்டத்து ஆரோக்கியம் ஒருநாள் எழுந்து, "எங்க பள்ளியில பலகையே இல்லீங்க ஐயா," என்றார்.

ஐயா கோபப்படவில்லை. "பரவாயில்ல. பரீட்சையில இருக்குன்னு எழுதுங்க."

செய்முறைத் தேர்வு

வெள்ளைக்கார ஆய்வாளர் கிராணியோடு என் பள்ளிக்கு மதியம் வந்தார். தேறாவிட்டால் மறுபடி வெட்டுக்கத்திதான். பிள்ளைகளோ விடியலிலிருந்து புல் வெட்டிவிட்டு வந்தவர்கள். நரிக் கதை பாதியிலேயே, சிலேட்டைப் பார்ப்பதுபோல் தலை குனிந்து, உட்கார்ந்தபடி தூங்கிவிட்டார்கள். ஆய்வாளருக்கு அந்த அமைதி பிடித்துப்போனது. விழித்திருந்தவள் எட்டு வயது செல்லம்மா மட்டும். ஏன் இத்தனை அமைதி என்று கிராணி மூலம் அவளைக் கேட்டார்.

"சத்தம் போடாதீங்க, எல்லாம் வேலைக்குப் போயிட்டு வந்து தூங்குதுங்க," என்றாள்.

என் உயிர் போய்விட்டது. கிராணி இங்கிலீஷில் ஏதோ சொல்ல, ஆய்வாளர் மலர்ந்த முகத்தோடு எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் கிராணியிடம் என்ன சொன்னீர்கள் என்றேன்.

"வாத்தியார் சொன்னா மூச்சுக்கூட விட மாட்டோம்னு பிள்ள சொல்லுதுன்னேன்லா."

சர்டிபிகேட்

வந்தது. "ஒழுங்கு: மிக நன்று." படிக்கவே கூசியது. அதை எடுத்துக்கொண்டு நேரே ஆபீசுக்குக் கிராணியிடம் போனேன். பிள்ளைகளைக் காலையில் புல் வெட்ட ரப்பர் காட்டுக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பத் துரையிடம் கேளுங்கள் என்று கெஞ்சினேன். கிராணி உள்ளே போய்விட்டு உடனே திரும்பினார். அன்று அவர் சிரிக்கவில்லை.

"சர்டிபிகேட் வாத்தியாருக்குத்தானே வந்துச்சு, பிள்ளைங்களுக்கு என்னன்னு துரை கேக்குறாரு."

இப்படியாக நான் தகுதி பெற்ற வாத்தியார் ஆனேன். தகுதி பெற்ற பள்ளிக்கூடம்தான் கடைசிவரை கிடைக்கவில்லை.