கொரியாவை ஆண்ட மூக்காயி

பதுளையில் கம்ப்யூட்டர் கேம் கடைகள் வந்த புதிது. நாடுகள் மோதும் விளையாட்டில் கொரியாவுக்கு எந்த ராஜாவை எடுப்பது என்று கடைக்கார அண்ணனோடு எனக்கு வாக்குவாதம். அவர் போர்களில் ஜெயித்தவரைச் சொன்னார். படிக்காத சனங்களுக்காக எழுத்து உண்டாக்கியவர்தான் வேண்டும் என்றேன் நான். என் அம்மா மூக்காயி மடுல்சீமைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில் இருந்துகொண்டு தேயிலைக் கொழுந்து பறிப்பவள்; கைநாட்டு.

"கொரியாக்காரனுக்கு ராஜா தேடுறியே, ஒங்க லயத்துக்கு யாருடா ராஜா? வேலை வாங்குற கங்காணியா?" என்றார். கடையே சிரித்தது.

கொரியாவையே எடுத்தேன். ராஜாவின் பெயரை அழித்துவிட்டு அம்மாவின் பெயரை அடித்தேன். கடைக்கார அண்ணனுக்கு எதிராகவே ஆடினேன். சற்று நேரத்தில் அவருடைய திரையில் ஆங்கிலத்தில் செய்தி வந்தது: மூக்காயி உங்கள் மீது போர் தொடுத்துவிட்டார்.

சிரிப்பு அப்படியே நின்றது.

ஆட்டத்தில் தோற்றது நான்தான். போரை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை.