கெட்டி வளையம் எந்தப் பக்கம்

டாக்டர் என்றால் ஊசி போடும் டாக்டர் இல்லை, டிராக்டர் மெக்கானிக். திருப்புளியின் ஒரு முனையை இன்ஜினிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார் என்பதால் வந்த பெயர். அந்தப் பெயர் அவர் தலைக்கு ஏறி இருபது வருடமாகிறது.

செடி நர்சரியில் இருந்த பழைய குட்டி டிராக்டரை ஓட்டியவர் அவருடைய தங்கை புருஷன். பின்னால் மாட்டிய மண் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு இன்ஜினை அணைத்தால், கை கழுவிவிட்டு வருவதற்குள் பெட்டி தரையில் கிடக்கும். டாக்டர் வந்தார். பெட்டி இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்த சீட்டுக்கு அடியில் ஒரு திருகு உண்டு. அதை முழுக்க இறுக்கிப் பார்த்தார். அப்படியும் பெட்டி இறங்கியது. "வால்வு மேல குத்தம் இல்ல. உள்ள பிஸ்டன் சீல் போச்சு" என்றார். நோயைச் சரியாகத்தான் பிடித்தார். வைத்தியத்தில்தான் கோட்டை விட்டார்.

எண்ணெய் அழுத்தத்தில் பெட்டியைத் தூக்கும் அந்தப் பிஸ்டனின் பள்ளத்தில் சீலாக இரண்டு வளையங்கள் உட்காரும். எண்ணெய் தள்ளும் பக்கம் ரப்பர் வளையம், அதற்கு முட்டுக்கொடுக்கப் பின்னால் ஒரு கெட்டி வளையம். மாற்றிப் போட்டால் ரப்பர் இடுக்கில் பிதுங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அரைபடும். அன்று வளையங்களை எடுத்துக் கொடுத்தது மாப்பிள்ளைதான்.

"மச்சான், கெட்டியானது அந்தப் பக்கம் இல்ல வரணும்?"

டாக்டருக்குச் சுருக்கென்றது. "மாப்ளே, நீங்க ஸ்டியரிங்கைப் பிடிங்க. பிஸ்டனை நான் பாத்துக்கறேன்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்து வைத்தார்.

இரண்டு மாதத்தில் பெட்டி மறுபடி இறங்க ஆரம்பித்தது. டாக்டர் இந்த முறை திறந்துகூடப் பார்க்கவில்லை. நர்சரி முதலாளியம்மாவிடம் வாய் கூசாமல் சொன்னார்: "நான் போட்ட சீல் பத்து வருஷம் தாங்கும்மா. ஓட்டுறவர் கண்டபடி பாரம் ஏத்துனா நான் என்ன பண்ணுவேன்?" பக்கத்தில்தான் நின்றார் மாப்பிள்ளை. வாயைத் திறக்கவில்லை. மறுநாளே சாவி வேறு கைக்குப் போனது. அவருக்குத் தண்ணீர்க் குழாயும் செடி வரிசையும்தான் மிஞ்சின.

தங்கை மட்டும் ஒரு நாள் கேட்டாள்: "ஏண்ணே, பழி போட உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?" டாக்டர் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

புது ஆள் பாதிப் பாரம்தான் ஏற்றினார். அப்படியும் பெட்டி நிற்கவில்லை. முதலாளியம்மா மறுபடி ஆள் அனுப்பினார். டாக்டர் வேறு வழியில்லாமல் மூடியைக் கழற்றி பிஸ்டனை உருவினார். ரப்பர் வளையம் எலி கடித்தது போல் இருந்தது. கெட்டி வளையம் எண்ணெய்ப் பக்கத்தில் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

போட்டது அவர் கைதான். அவரைத் தவிர யாரும் அந்த மூடியைத் தொட்டதில்லை. காதெல்லாம் சூடேறி, மனிதர் கூனிக்குறுகிப் போனார். அந்த வெட்கத்திலும் முதலில் என்ன செய்தார் தெரியுமா? யாரும் பார்க்கவில்லையே என்று அக்கம்பக்கம் நோட்டம் விட்டார். பிறகு வளையங்களை அழுக்குத் துணிக்குள் சுருட்டினார். புதியதைச் சரியாகப் போட்டு மூடிவிட்டால் முடிந்தது கதை.

நிமிர்ந்தால் எதிரே மாப்பிள்ளை, கையில் தண்ணீர்க் குழாயோடு.

"இந்தத் தடவை பக்கம் பாத்துப் போட்டுடுங்க மச்சான்" என்றார் மெதுவாக.

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"வண்டியோட வந்த புத்தகத்துல படம் இருக்கே."

"அப்புறம் அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உங்க பேரு கெட்டுடும். எனக்கு வண்டி மட்டும்தானே போச்சு."

கோபமாகக் கேட்டிருந்தால் டாக்டர் பதிலுக்குக் கத்தியிருப்பார். அதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. துணியை எடுத்துக்கொண்டு நேரே ஆபீஸ் அறைக்குப் போனார். விதைப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்த முதலாளியம்மா முன்னால் அதை விரித்தார்.

"தப்பு என்னோடதும்மா. வளையத்தை மாத்திப் போட்டுட்டேன். பாரம் அது இதுன்னு சொன்னதெல்லாம் பொய்."

அந்தம்மா வளையத்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார். "இத்தனை நாளா அவர் ஒரு வார்த்தை சொல்லலையே?"



"சொன்னாரும்மா. மூடியை மூடறதுக்கு முன்னாடியே சொன்னார். நான்தான் எல்லாரையும் சிரிக்க வச்சுட்டேன்."