128-இல் எழுந்த பீக்

ஆய்வுக்குழு வரும் நாள் காலை, திரையில் 128-இல் ஒரு பீக், கூரான முகடு, எழுந்தது. அது அங்கே இருக்கக் கூடாது.

உத்திரமேரூருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே இருந்த எங்கள் கல்லூரியில் லேசர் லேப் என் பொறுப்பு. அறைக் காற்றைச் சிறிது சிறிதாக, காற்றை உறிஞ்சி வெறுமையாக்கிய வேக்குவம் சேம்பருக்குள் விட்டு, புற ஊதா லேசரை அடிப்போம். அந்த ஒளியை ஏற்கும் மூலக்கூறு ஒரு எலக்ட்ரானை இழந்து அயனியாகும். லேசான அயனி டிடெக்டருக்கு முந்திப் போகும், கனமானது பிந்தும். அந்த நேரத்தை வைத்து எடையைச் சொல்லிவிடலாம்; திரையில் அந்த எடைக்கு நேரே ஒரு பீக் எழும். அன்று காட்ட வேண்டியது பெயின்ட் தின்னரில் இருக்கும் டொலுவீன், எடை 92. சொதப்பினால் மெஷினை வேறு கல்லூரிக்குத் தூக்கிவிடுவார்கள் என்று பேச்சு.

சேம்பரின் காற்றை உறிஞ்சும் பம்பிலிருந்து ஆயில் கசிகிறது என்று நான் பழி போட்டேன். அந்த பம்பைப் பார்த்துக்கொண்ட டெக்னீஷியன் சலீமுக்கு அது பிடிக்கவில்லை.

“பம்பு நல்லாத்தான் கீது சார். உங்க லேசர பாருங்க” என்றார்.

பார்த்தேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் துறைத் தலைவர் வசந்தா மேடம் அன்று பட்டுப்புடவையில் வந்திருந்தார். பதற்றத்தில் அவர் உள்ளே வந்து எட்டிப் பார்த்தால் பீக் உயர்ந்தது. போன் பேச வராந்தாவுக்குப் போனால் மெல்ல அடங்கியது. திரும்பி வந்தார், மறுபடி உயர்ந்தது. சலீமும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யார் சொல்வது?

சலீம்தான் துணிந்தார். “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பொடவைய எப்படி வெச்சிக்கினு இருந்தீங்க?”

“பீரோல, பாச்சா உருண்டை போட்டு...”

சொல்லி முடிக்குமுன் அவரே தலையில் கை வைத்துக்கொண்டார். பாச்சா உருண்டை என்றால் நாப்தலீன். எடை 128.

புடவை மாற்ற மானாம்பதியில் உள்ள வீட்டுக்குப் போய்வர நேரமில்லை. குழுவின் கார் வாசலுக்கு வந்துவிட்டது. மேடத்தை ஆபீஸ் அறையிலேயே இருக்கச் சொன்னேன்.

“நான் எதுக்கு ஒளியணும்? அதையும் சேத்துக் காட்டுவோம்” என்றார்.

டொலுவீன் சமர்த்தாக 92-இல் வந்தது. ஆய்வுக்குழுவின் தலைவர் மரியாதைக்குத் தலையாட்டினார். பிறகு மேடம் தன் புடவையைப் பற்றிச் சொன்னார். குழுத் தலைவர் நம்பவில்லை. மேடத்தை வெளியே அனுப்பி, சத்தமில்லாமல் வந்துபோகச் சொன்னார். தான் லேசருக்காகப் போட்ட பாதுகாப்புக் கண்ணாடியோடு கதவுக்கு முதுகைக் காட்டி, திரை முன்னால் உட்கார்ந்தார். “வந்துட்டாங்க... போயிட்டாங்க” என்று ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். டீ ஆறிப்போனது. மெஷின் எங்களிடமே தங்கியது.

லேபுக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கேட்காத பீக் வந்தால் உடனே மெஷினைப் பிரிக்க ஸ்பானரைத் தேடாதீர்கள். முதலில் அறையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.